11 வயசில் ஒலிம்பிக், 19 வயசில் ஆங்கிலக் கால்வாய்... யார் இந்த ஆரதி சாஹா?

போத்தனூர்ல இருந்து பொள்ளாச்சிக்கு ரயில் பாதை சுமார் 40 கி.மீ. அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், 67 கி.மீ. தூரத்தைக் குளிர்ந்த கடலில் நீந்தியே கடந்தவர் ஆரதி சாஹா. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்.

1940 செப்டம்பர் 24-ல் கொல்கத்தாவில் பிறந்தார். இரண்டரை வயசில் அம்மா இறந்துவிட, பாட்டிதான் வளர்த்தார். படித்துறைக்குக் குளிக்கப் போன இடத்தில் நீச்சல் பழகியவர், 5 வயசிலேயே போட்டியில் தங்கம் வாங்கிவிட்டார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் போட்டி. வயசு 11தான். முதல் சுற்றோடு வெளியேறினார். ஆனா, இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் இறங்கியதே அந்த வருஷம்தான். ஜப்பானின் எட்சுகோ இனடா 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடியபோதுகூட அவருக்கு வயசு 12!

40 நிமிடத்தில் மாறிய கதை

1959 ஆகஸ்ட் 27. பிரான்ஸ் கரையில் ஆங்கிலக் கால்வாய் நீச்சல் போட்டி. கூடவே வர வேண்டிய வழிகாட்டிப் படகு 40 நிமிடம் தாமதம். 40 நிமிடம்தானேன்னு தோணும். ஆனா அந்தக் கடலில் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். தாமதமாக இறங்கினால், கரையை நெருங்கும் நேரத்தில் எதிர் நீரோட்டம் பிடித்துக்கொள்ளும். அதுதான் நடந்தது. இங்கிலாந்துக் கரை சில மைல் தூரத்தில் இருக்க, மணிக்கணக்கில் போராடியும் முன்னேற முடியவில்லை. கடைசியில் படகில் ஏற வேண்டியதாயிற்று.

பயணச் செலவுக்கே மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராய் 11,000 ரூபாய் கொடுத்து உதவியிருந்தார். வெறுங்கையோடு திரும்ப ஆரதிக்கு மனசில்லை.

33 நாள் கழித்து, செப்டம்பர் 29-ல் மறுபடி இறங்கினார். நேர்கோட்டில் பார்த்தால் கால்வாயின் குறுகிய பகுதி சுமார் 33 கி.மீ.தான். நீரோட்டம் இழுத்த இழுப்பில் 67 கி.மீ. ஆகிவிட்டது. 16 மணி 20 நிமிடம் நீந்தி சாண்ட்கேட் கரையேறியவர், அங்கே இந்தியக் கொடியை ஏற்றினார். 19 வயசு முடிந்து 5 நாள்தான் ஆகியிருந்தது.

1960-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் விளையாட்டு வீராங்கனை இவர்தான். பிறகு ரயில்வே வேலை, குடும்பம் என்று இருந்தவர், மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு 1994 ஆகஸ்ட் 23-ல் காலமானார். அப்போது வயது 53. இறந்து 5 வருஷம் கழித்து, 1999-ல் இந்திய அஞ்சல் துறை அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது.