சம்பு நாத் டே
சம்பு நாத் டே (பெப்ரவரி 1, 1915 – ஏப்ரல் 15, 1985) காலரா நச்சைக் கண்டறிந்த இந்திய மருத்துவ அறிவியலாளர் ஆவார்.

வாழ்க்கை

வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்தில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1949 இல் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார்.

கண்டுபிடிப்பு

காலராக் கிருமி நச்சொன்றைச் சுரக்கிறது என 1884 இல் ராபர்ட் கோக் கருதினார். ஆயினும் அது நெடுங்காலம் நிறுவப்படவில்லை. டே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தி ஆராயும் முறையை 1953 இல் வெளியிட்டார். பின்னர், கிருமிகள் வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, கிருமிகளற்ற வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடலில் நீர் நிரம்பியது. எனவே நோயாளியின் நீரிழப்புக்குக் கிருமி சுரக்கும் நச்சே காரணம் என்பது தெளிவாயிற்று. இம்முடிவு 1959 இல் நேச்சர் இதழில் வெளியானது.

நச்சின் ஏற்பி

இந்நச்சு, குடல் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஜி.எம்.1 என்னும் காங்கிலியோசைடு மூலக்கூறுடன் பிணைவது 1970களில் அறியப்பட்டது. காங்கிலியோசைடுகள் நரம்பணுக்களில் மிகுதியாக உள்ளன. டெட்டனசு (இரணசன்னி) நச்சும் நரம்பணுக்களில் இவ்வகை மூலக்கூறுகளையே முதலில் பற்றுகிறது.

மதிப்பு

டே 1973 இல் ஓய்வு பெற்றார். 1978 இல் நோபல் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசாளரான யோசுவா லெடர்பர்க் இவர் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். எனினும், வாழ்நாளில் இந்தியாவின் பெரிய விருது எதுவும் இவருக்கு வழங்கப்படவில்லை.