கணினிக்கு அஞ்சல் நெறி வகுத்த ஜான் போஸ்டல்

தம் பெயர் முன்னே நிற்க வேண்டும் என்று எண்ணாமல், பிறர் பணி தடையின்றி நடக்க வேண்டும் என்று உழைத்த சான்றோர் சிலர் உண்டு. கணினித் துறையில் அத்தகைய ஒருவர் ஜான் போஸ்டல்.

அவர் 1943 ஆகஸ்ட் 6 ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அல்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். ஜொனாத்தன் என்பது அவரது முழுப்பெயர். விவிலியத்தில் தாவீதின் உற்ற நண்பராக நாம் காணும் யோனத்தானின் பெயரே அது. லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1974 இல் முனைவர் பட்டம் பெற்றார். மாணவராய் இருந்தபோதே, 1969 இல், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் பணியில் ஈடுபட்டார். நீண்ட தாடியும் எளிய காலணியுமாய் வாழ்ந்த அவருக்கு மலையேறுவதில் விருப்பம் மிகுதி.

மின்னஞ்சல் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்கான எளிய நெறிமுறையை 1982 ஆகஸ்டில் அவர் எழுதி வெளியிட்டார். ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. அஞ்சலைப் பெறும் கணினி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். மேசைமேல் இருக்கும் சிறு கணினியோ வேலை முடிந்ததும் அணைக்கப்படும். அப்போது வரும் கடிதம் என்னாவது?

நம் சின்னசேலத்துத் தபால் நிலையத்தை நினைத்துப் பார்ப்போம். கல்வராயன் மலைமேல் இருக்கும் ஒருவர், தமக்கு வந்த கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, வசதிப்பட்டபோது இறங்கி வந்து வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? அதே முறையைக் கணினிக்கும் கொண்டுவந்தனர். அதன் பெயரே தபால் நிலைய நெறிமுறைதான். முதல் வடிவத்தை 1984 இல் எழுதியவர், போஸ்டலின் உடன்பணியாளரான ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் பெண்மணி என்பது நமக்குப் பெருமை. 1985 பிப்ரவரியில் போஸ்டலும் ரெனால்ட்சும் வேறு மூவருடன் சேர்ந்து அதைச் செம்மைப்படுத்தினர்.

இம்முறையில் கடிதத்தை வாங்க வருவது மனிதர் அல்லர், ஒரு நிரல். அது முதலில் வணக்கம் கூறிப் பெயரையும் கடவுச்சொல்லையும் தரும். கடிதங்கள் எத்தனை என்று சேவையகம் விடையளிக்கும். எண்ணைக் குறித்து ஒவ்வொன்றாய்க் கேட்டு, நிரல் பெற்றுக்கொள்ளும். முழுதும் கிடைத்தது என்று அது சொன்ன பின்னரே கடிதத்தை அழிக்கலாம்; வழியில் பழுதுபட்டால் கடிதம் அங்கேயே காத்திருக்கும். எல்லாமே நான்கெழுத்துக் கட்டளைகள்! பின்னர் வந்த முறைகளும் இவ்வழியே வளர்ந்தன.

போஸ்டல் வற்புறுத்திய கொள்கை ஒன்றுண்டு. நாம் அனுப்புவதில் கண்டிப்பு வேண்டும். பிறர் அனுப்புவதை ஏற்பதில் பெருந்தன்மை வேண்டும் என்பதே அது. எழுதியவர் சிறு பிழை செய்தார் என்பதற்காக, படிக்கும் நிரல் முடங்கிவிடலாகாது. கணினிக்குச் சொன்ன இந்நெறி, வகுப்பறையில் நமக்கும் பொருந்துமன்றோ?

எனினும் பெருந்தன்மைக்கும் காவல் தேவை. அந்நாளில் கடவுச்சொல் மறைப்பின்றியே கம்பியில் சென்றது. அறிந்தோர் சிலரே இருந்த காலம் அது. இன்று அதை மறைகுறியாக்கி அனுப்புகின்றனர். நம் அஞ்சல் பெட்டியைத் திறக்கும் உரிமையை, முன்பின் அறியாத செயலி கேட்டவுடன் கொடுத்துவிடலாகாது. சாவியைக் கொடுத்தபின் கதவைக் காத்துப் பயனில்லை.

இணைய நெறிமுறைக் குறிப்புகள் அனைத்தையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பதிப்பித்து, எவரும் விலையின்றிப் படிக்கச் செய்தவர் போஸ்டல். 1998 அக்டோபர் 16 இல், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின், 55 ஆம் வயதில் காலமானார். நண்பர் விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கலுரை, அவர் பேணிய அதே குறிப்பு வரிசையில் 2468 ஆம் எண்ணுடன் வெளியாயிற்று.

அந்நெறிகளை அவர் எவருக்கும் விற்கவில்லை. ஆதலால்தான் எந்த நாட்டு நிறுவனம் செய்த கணினியாயினும், சின்னசேலத்தில் இருந்துகொண்டு நம் கடிதத்தை வாங்கித் தருகிறது. கற்றதைப் பூட்டி வையாமல் பகிர்ந்தளிக்கும் அவ்வுள்ளத்தை நாமும் பெறுவோமாக!