மகரந்தத்தை ஆராய்ந்த மாமேதை

கண்ணுக்குத் தூசியாகத் தோன்றும் மகரந்தத்துகளுக்குள் ஒரு சிற்றுலகம் அடங்கியுள்ளது. பெரிய உடல செல்லின் உள்ளே சிறிய உற்பத்தி செல் உறைகிறது. முன்னது மகரந்தக்குழாயாக நீண்டு வழியமைக்கிறது. பின்னது இரண்டாகப் பிரிந்து ஆண் கேமீட்டுகளைத் தருகிறது. இவை தம்முள் இசைந்து இயங்கினால்தான் விதை உருவாகும். பூக்களின் இந்நுண்ணுலகை ஆராய்வதற்கே வாழ்நாளை அளித்தவர் பஞ்சானன் மகேஸ்வரி.

இவர் 1904ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெய்ப்பூரில் பிறந்தார். அலகாபாத்தில் பயின்றபோது, வின்ஃபீல்டு டட்ஜன் என்னும் அமெரிக்க ஆசிரியர் இவருக்குத் தாவரவியலில் ஈடுபாட்டை ஊட்டினார். தம் மாணவர் தம்மையும் விஞ்சி வளர்வதே அவ்வாசிரியரின் விருப்பம். அதனை நிறைவேற்றிய மகேஸ்வரி, ஆக்ரா, டாக்கா முதலிய ஊர்களில் பணியாற்றியபின் 1949இல் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் தலைவரானார். 1950இல் வெளிவந்த இவரது தாவரக் கருவியல் நூல் உலகெங்கும் பயிலப்பட்டது.

மகரந்தம் சூல்முடியில் விழுந்தாலும், சில வேளைகளில் அதன் குழாய் சூலை எட்டுவதில்லை; பயிர்ப்பெருக்குநரின் உழைப்பு வீணாகும். இத்தடையைக் கடக்க மகேஸ்வரியின் குழுவினர் வழி தேடினர். அபினிச் செடியின் சூல்களையும் மகரந்தத்தையும் சோதனைக்குழாயில் ஊட்டக் கரைசலின்மீது ஒன்றாக வளர்த்து, அங்கேயே கருவுறச் செய்தனர். இவ்வெற்றி 1962இல் வெளியாயிற்று. இரண்டாண்டுகளில் அவரது துறையைச் சேர்ந்த சிப்ரா குகாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பைகளை வளர்த்து, மகரந்தத்திலிருந்தே கருக்களைப் பெற்றனர். விதை தரப் பிறந்த துகள், சூழல் மாறியதும் தானே செடியாகும் ஆற்றலைக் காட்டியது.

1964இல் வெளிவந்த, மேல்நிலைப் பள்ளிகளுக்கான முதல் தேசிய உயிரியல் பாடநூலை உருவாக்கும் பணிக்கும் மகேஸ்வரி தலைமை தாங்கினார். 1965இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். மறு ஆண்டு மே மாதம் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற வினாக்கள் தொடர்ந்தன. நம் ஊர்களில் மருந்தாகப் பயன்படும் கொடிவேலியின் மகரந்தத்தில், ஆண் கேமீட்டுகளுள் ஒன்று உடல செல்லின் உட்கருவோடு பிணைந்திருப்பதை 1981இல் ஆய்வாளர் கண்டனர். மகரந்தத்துக்குள் நிகழும் உறவாடலுக்கு அது ஒரு சான்றாயிற்று. இசைக் கல்வெட்டால் புகழ்பெற்ற குடுமியான்மலையில் இன்று வேளாண்மைக் கல்லூரி இயங்குகிறது. அங்குப் பயிர்ப்பெருக்கம் கற்கும் இளைஞரும் அந்த ஆய்வு மரபின் வழித்தோன்றல்களே.