ஸர் கில்பர்ட் வாக்கர்

நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கும், வடவெல்லையில் வான்முட்டி நிற்கும் இமயத்தின் பனிக்கும் யாது தொடர்பு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நன்செயும் பெரியாற்று நீரை நம்பியே விளைகின்றது. 1895-ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெரியாற்றணை தென்மேற்குப் பருவமழையாற் பெருகுவது. அந்நீரே மலையைக் குடைந்த சுரங்க வழியாய் இப்பால் வந்து வயல்களை அடைகின்றது. மழை பொழிவது மலைக்கு அப்பால். நாற்றுப் பாவிவிட்டு அண்ணாந்து பார்த்திருப்பவர் இப்பால். அம்மழை இவ்வாண்டு பெருகுமோ குறையுமோ என்பதை முன்னரே உணர்ந்துகொள்ளல் ஆகுமா? இவ்வொரு வினாவிற்குத் தம் வாழ்வின் இருபதாண்டுகளை ஈந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கில்பர்ட் வாக்கர் 1868-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராக்டேல் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிற் பயின்று, 1889-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் அனைவரினும் முதல்வராய்த் தேறி, ஸீனியர் ராங்ளர் என்னும் பெரும் பெயர் பெற்றார். அளவிறந்த உழைப்பால் உடல் நலிந்தது. அதனால் சில குளிர்காலங்களை ஸ்விட்ஸர்லாந்தில் கழிக்க நேர்ந்தது. ஆங்கே பனிக்கட்டியின்மீது சறுக்கி விளையாடுவதிற் பெருவிருப்புக் கொண்டார். புல்லாங்குழலிசையும், எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் பூமராங் என்னும் எறிகோலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பூமராங் பறக்கும் முறையைக் கணித வழியில் ஆராய்ந்து நூற்கட்டுரையும் வரைந்தார்.

வானிலை நூலைப் பயின்றறியாத இக்கணிதப் புலவரே 1904-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமைப் பதவியை ஏற்றார். அஃது எளிய பதவியன்று. முன்னர் அப்பதவியிலிருந்த ஹென்றி பிளான்போர்டு என்பார், இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் நாட்டில் மழை குன்றுவதைக் கண்டு, 1884-ஆம் ஆண்டில் அக்கருத்தை வெளியிட்டார். ஈர விறகை அடுப்பிலிட்டால், தீயின் வெம்மை ஈரத்தை உலர்த்துவதிலேயே செலவாகி, உலை கொதிக்கத் தாழ்க்கும் அன்றோ? அதுபோலவே மலைமேற் குவிந்த பனியை உருக்குவதிலேயே கதிரவன் வெம்மை செலவாயின், நிலம் போதிய அளவு சூடேறாது. கடற்காற்றை உள்ளிழுக்கும் ஆற்றலும் தளரும். இக்கருத்தின்மேல் 1886 முதல் ஆண்டுதோறும் மழை முன்னறிவிப்பு வெளிவந்தது. ஆயினும் பிளான்போர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட்டின் காலத்தில், 1899-ஆம் ஆண்டு நன்மழை எதிர்பார்க்கப்பட்டும் மழை பொய்த்துக் கொடிய பஞ்சம் வந்தது. பொருந்தாத முன்னறிவிப்பு உழவனுக்கு எத்துணைத் தீங்கு என்பதை நாடு அறிந்த காலத்திலேதான் வாக்கர் பொறுப்பேற்றார்.

ஊகத்தை விடுத்து எண்ணைத் துணைக்கொண்டார் அவர். பல்லாண்டு மழைக் கணக்கையும், தொலைநாடுகளின் காற்றழுத்தக் கணக்கையும் எழுத்தர் பலரைக் கொண்டு ஒப்பிடுவித்தார். அக்காலத்தில் கணிப்பொறி ஏது? அனைத்தும் கைக்கணக்கே. மே மாத முடிவில் இமயத்தில் எஞ்சிய பனியின் அளவு, மொரீஷியஸ் தீவின் காற்றழுத்தம், தென்னமெரிக்காவின் காற்றழுத்தம், ஸான்ஸிபாரின் மழை ஆகிய இவற்றைச் சேர்த்து, பருவமழையைக் கணிக்கும் வாய்பாடு ஒன்றை வகுத்தார். இமயப் பனி அவர்க்கு நாற்சாட்சிகளுள் ஒன்றே. தனி நீதிபதி அன்று.

ஈண்டு நாம் போற்றத்தக்கது அவர்தம் நேர்மையாகும். நூறு காரணங்களை மழையோடு ஒப்பிட்டால், யாதொரு தொடர்புமில்லாத ஒன்றிரண்டு தற்செயலாய்ப் பொருந்திக் காணப்படும். அதனை உண்மையென மயங்காதிருக்க வேண்டிய அளவுகோலை அவரே 1914-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். தம் முறைக்குத் தாமே கடிவாளமிட்ட அறிஞர் உலகில் மிகச் சிலரே.

இவ்வாராய்ச்சியின் நடுவே எதிர்பாராத பெரும்பொருள் ஒன்று கிட்டியது. பசிபிக் மாகடலின்மேல் காற்றழுத்தம் உயருங்கால் இந்துமாக்கடற் பக்கத்தில் தாழ்வதையும், அங்குத் தாழுங்கால் இங்கு உயர்வதையும் கண்டார். நம்மூர்க் கிணற்றடி ஏற்றமரத்தின் ஒருதலை தாழ மறுதலை எழுவதை ஒக்கும் அது. தென் அலைவு என்னும் பொருள்படும் பெயரை அவர் அதற்குச் சூட்டினார். அவர் மறைந்தபின் 1969-ஆம் ஆண்டில் பியெர்க்னஸ் என்னும் அறிஞர், பசிபிக் கடல்நீர் வெப்பமுறும் எல் நினோவோடு அவ்வலைவை இணைத்துக் காட்டி, ஆங்கு நிகழும் காற்றுச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே இட்டார்.

நம் தமிழ்நாட்டிற்கும் அவர் செய்த நன்றி ஒன்றுண்டு. 1913-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த வாக்கரிடம், துறைமுக அலுவலக எழுத்தர் ஒருவரின் கணித ஏடுகள் காட்டப்பட்டன. அவற்றின் அருமையை உணர்ந்த அவர், அவ்விளைஞருக்கு உதவுமாறு பல்கலைக்கழகத்திற்குத் தாமே கடிதம் வரைந்தார். மாதம் 75 ரூபாய் உதவிச்சம்பளம் இரண்டாண்டுகளுக்குக் கிடைத்தது. அவ்வெழுத்தரே சீனிவாச ராமானுஜன். மேலும், பெரியகுளத்திலிருந்து பழைய மலைப்பாதை ஏறிச் சென்ற கொடைக்கானலில் 1899-ஆம் ஆண்டில் அமைந்த கதிரவ ஆய்வகமும், வாக்கர் தலைமை தாங்கிய ஆய்வகங்களுள் ஒன்றேயாகும்.

1924-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று ஸர் பட்டத்தோடு தாய்நாடு சென்று, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்தாண்டுகள் பேராசிரியராயிருந்தார். 1958-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தம் தொண்ணூறாம் வயதிற் காலமானார்.

அவர் வாய்பாடுகள் பருவமழையை முற்றும் வென்றனவா எனின், இல்லை என்பதே விடை. அவர் கண்ட தொடர்புகளுட் சில பிற்காலத்தில் வலியிழந்தன. இன்று செயற்கைத் துணைக்கோள்கள் பனிப்பரப்பை வானினின்று அளக்கின்றன. எனினும் இந்திய வானிலைத் துறை வெளியிடும் பருவ முன்னறிவிப்பு, பிழைக்கு இடம்விட்டே சதவீதம் கூறுகின்றது. நாடளாவிய மழை இத்துணை என்பதால், பெரியாற்று மலைகளில் இத்துணை பொழியும் என்று கொள்ளலாகாது. நாட்டின் மழை நிறைவாயினும் ஒரு மலைச்சரிவு வறண்டிருத்தல் கூடும்.

இதனை அறிந்து முன்னறிவிப்பைக் கேட்பவன், அதனை அருள்வாக்கென நம்பி ஏமாறவும் மாட்டான். பொய்யென இகழ்ந்து விதைநெல்லை இழக்கவும் மாட்டான். கணித வகுப்பில் எண்களோடு போராடும் நம் மாணவ நண்பர்கள், அவ்வெண்கள் ஓர் உழவனின் நாற்றங்காலைச் சென்று தொடும் என்பதை இப்பெரியார் வாழ்வினின்று உணர்வாராக.