இரத்தக்குழாயைத் தைத்தவர் - மருத்துவர் அலெக்சிஸ் காரெல்



நோயாளரைச் சந்திக்க மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் சில சொற்கள் என் காதில் தவறாமல் விழுகின்றன. ஆஞ்சியோ பார்த்தார்கள், மூன்று இடத்தில் அடைப்பாம், ஒன்றுக்கு ஸ்டென்ட் போதுமாம், இல்லையென்றால் பைபாஸ்தானாம். ஒரு காலத்தில் மரணத் தீர்ப்பாக இருந்த நோயைப் பற்றி இன்று ஏதோ வீட்டுக் குழாயைப் பழுதுபார்ப்பதைப்போல நாம் பேசிக்கொள்கிறோம். கிழிந்த இரத்தக்குழாயை ஊசியும் நூலும் கொண்டு தைக்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஒரு மனிதரை இன்று நினைவுகூர்வோம். லூர்து அன்னையின் திருவிழா மறையுரைகளில் அவருடைய பெயரைச் சிலர் கேட்டிருக்கலாம். அவர்தான் மருத்துவர் அலெக்சிஸ் காரெல்.

1873ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகில் அவர் பிறந்தார். லியோன் பட்டுத் துணிக்குப் பெயர்பெற்ற நகரம். தந்தையும் ஜவுளித் தொழில் செய்தவரே. சிறு வயதிலேயே தந்தையை இழந்த காரெலைப் பக்தியுள்ள தாய் வளர்த்தார். இயேசு சபையினரின் பள்ளியில் படித்தார். ஆனால் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின் விசுவாசம் மெல்ல மெல்ல அவரிடமிருந்து நழுவியது. கண்ணால் கண்டு, கையால் தொட்டு, அளந்து பார்க்க முடியாத எதையும் நம்பக்கூடாது என்பதே அன்றைய மருத்துவ உலகின் மனநிலை. காரெலும் அந்தக் காலத்தின் பிள்ளைதான்.

1894ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் லியோனுக்கு வந்திருந்த பிரான்சு நாட்டுத் தலைவர் சாடி கார்னோவை ஓர் இளைஞன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய் வெட்டுப்பட்டது. நகரின் சிறந்த அறுவை மருத்துவர்கள் சுற்றி நின்றும், சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். காரணம், வெட்டுப்பட்ட இரத்தக்குழாயைத் தைத்து இணைக்க நம்பகமான வழி எதுவும் அன்று இல்லை. குழாயைக் கட்டி இரத்தத்தை நிறுத்தத் தெரியும். ஆனால் கட்டிவிட்டால் அதற்கு அப்பால் உள்ள உறுப்புக்கு இரத்தம் போகாது. 21 வயதை எட்டவிருந்த காரெலின் மனத்தை இந்தச் சாவு உலுக்கியது. துணியைத் தைக்க முடிகிற மனிதனால் குழாயை ஏன் தைக்க முடியாது என்பதே அவருடைய கேள்வி.

கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். இரத்தக்குழாயின் உள்சுவர் மிக மென்மையானது. முரட்டு ஊசி அதைக் காயப்படுத்தினால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகும். தைத்த குழாயே அடைபட்டுப் போகும். அவருக்கு முன் முயன்ற பலர் தோற்றது இந்த இடத்தில்தான். காரெல் ஆசிரியரைத் தேடி எங்கே போனார் தெரியுமா? பேராசிரியர்களிடம் அல்ல, லெருதியே அம்மையார் என்ற பூவேலைத் தையற்காரரிடம் போனார். லியோனில் பட்டுத் துணியில் பூ வேலை செய்வதில் பேர்போனவர் அவர். மருத்துவம் படித்த இளைஞர் ஒரு தையல்காரப் பெண்மணியிடம் மாணவராக அமர்ந்து, மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளப் பழகினார்.

பிறகு தமக்கென ஒரு முறையை உருவாக்கினார். வட்டமான குழாயின் வாயை அப்படியே தைத்தால் எதிர்ப்பக்கமும் சேர்ந்து தைபட்டுவிடும். எனவே குழாயின் விளிம்பில் மூன்று இடங்களில் தையல் போட்டு, மூன்றையும் மெல்ல இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணம் ஆனது. நேராகிவிட்ட மூன்று ஓரங்களையும் ஒவ்வொன்றாகத் தைத்தார். நூலில் வாசலின் தடவினார். இரண்டு குழாய்களின் உள்சுவர்களும் வழவழப்பாக ஒன்றோடொன்று சேருமாறு பார்த்துக்கொண்டார். கிருமி அண்டாதபடி மிகுந்த தூய்மையைக் கடைப்பிடித்தார். 1902இல் இந்த முறை லியோன் மருத்துவ இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 28.

அதே 1902ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய வாழ்வில் இன்னொன்றும் நடந்தது. நோயாளரை லூர்துக்கு ஏற்றிச்செல்லும் திருப்பயண இரயிலில், வேறொரு மருத்துவருக்குப் பதிலாகக் காரெல் சென்றார். பக்தியால் அல்ல, ஆராய்ந்து பார்க்கும் ஆவலால். அந்த இரயிலில் மேரி பாய்லி என்ற இளம்பெண் இருந்தார். காசநோய் வயிற்றுக்குள் பரவி, வயிறு வீங்கி, நினைவு தடுமாறிக் கிடந்தார். பயணத்திலேயே இறந்துவிடுவார் என்று காரெல் அஞ்சினார். லூர்தில் அவரைக் குளத்தில் இறக்கத் துணியாமல், வயிற்றின்மீது மூன்று முறை தண்ணீரை ஊற்றினார்கள். பிறகு கெபியின் முன்னால் படுக்கையில் கிடத்தினார்கள். காரெல் அருகில் நின்று, நாடித் துடிப்பையும் மூச்சையும் முகத்தின் நிறத்தையும் குறித்துக்கொண்டே இருந்தார். சுமார் அரை மணி நேரத்தில் வீக்கம் வடிந்தது. அன்று மாலையே அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து பேசினார். பின்னர் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியர் சபையில் சேர்ந்து, நோயாளருக்குப் பணி செய்து, 1937இல் இறந்தார்.

இதைக் கண்டவுடன் காரெல் முழந்தாளிட்டு மனம் மாறிவிட்டார் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். உண்மை அப்படியல்ல. தாம் கண்டதை அவர் மறுக்கவில்லை. அதற்கு விளக்கம் சொல்லவும் துணியவில்லை. எளிதில் நம்பிவிட்டார் என்று மருத்துவ நண்பர்கள் ஏளனம் செய்தார்கள். நம்பத் தயங்குகிறார் என்று பக்தர்கள் குறைகூறினார்கள். லியோனில் தமக்கு எதிர்காலம் இல்லை என்று உணர்ந்து 1904இல் கனடாவுக்குக் கப்பல் ஏறினார். திரு அவையும் அவசரப்படவில்லை. மேரி பாய்லி நலமடைந்தது அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்ட லூர்துப் புதுமைகளின் பட்டியலில் இல்லை. இந்த நிதானத்தையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் காரெலின் கை ஓயவில்லை. சிகாகோவில் சார்லஸ் குத்ரியோடும், 1906 முதல் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்திலும் உழைத்தார். 1908இல் ஓர் இரவு, பிறந்து சில நாள்களே ஆன ஒரு குழந்தை இரத்தம் கசிந்து உயிருக்குப் போராடியது. உறையாமல் இரத்தத்தைச் சேமித்து வைக்கும் வழி அன்று இல்லை. காரெல் தந்தையின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் காலில் இருந்த நூல் போன்ற சிரையோடு நேரடியாகத் தைத்து இணைத்தார். தந்தையின் இரத்தம் பாயப் பாய, வெளிறிக் கிடந்த குழந்தை சிவந்தது, பிழைத்தது. 1910இல் ஒரு நாயின் இதயத்தில், வேறொரு குழாயை ஒட்டுப்போட்டு இதயத் தமனிக்குப் புதிய வழி அமைத்துப் பார்த்தார். அந்த விலங்கு பிழைக்கவில்லை என்றாலும், பைபாஸ் என்ற எண்ணம் அங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது. 1912இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

விதை முளைக்க நெடுங்காலம் ஆயிற்று. அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே மாற்றுவழி போட முடியும்? 1958இல் மேசன் சோன்ஸ் இதயத் தமனிக்குள் நேரடியாக மருந்து செலுத்திப் படம் எடுக்கும் முறையைக் கண்டார். 1967இல் ரெனே பவலோரோ காலின் சிரையை எடுத்து, அடைப்பைத் தாண்டி இதயத்தில் ஒட்டும் பைபாஸ் முறையை நிலைநாட்டினார். 1977இல் ஆந்திரியாஸ் குரூன்சிக் சிறு பலூனை உள்ளே செலுத்தி அடைப்பை விரித்தார். இன்று பைபாஸ் செய்துகொண்டவரின் நெஞ்சிலும், மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவரின் வயிற்றிலும், டயாலிசிஸ் செய்பவரின் கையில் இணைக்கப்பட்ட குழாய்களிலும் காரெலின் தையற்கலை தொடர்கிறது.

இதுவரை சொன்னதை நானே பல முறை மறையுரையில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை திருப்பலி முடிந்தபின் மருத்துவம் படிக்கும் நம் இளைஞர் ஒருவர் வந்து, சாமி, மீதிக் கதையையும் சொல்லுங்கள் என்றார். தேடிப் படித்தபோது வெட்கப்பட்டேன்.

1935இல் காரெல் மனிதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பல மொழிகளில் இலட்சக்கணக்கில் விற்றது. அதில் அவர், சிறைகளையும் மனநோயாளர் இல்லங்களையும் பராமரிப்பது நலமுள்ளோர்மீது ஏற்றப்பட்ட சுமை என்று எழுதினார். கொடுங்குற்றவாளிகளையும், குற்றம் புரிந்த மனநோயாளரையும் நச்சுவாயுவால் முடித்துவிடலாம் என்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த ஜெர்மன் பதிப்பில் நாசி அரசின் நடவடிக்கைகளைப் பாராட்டினார். அந்த நாட்டில் பின்னர் மாற்றுத்திறனாளிகளும் மனநோயாளரும் ஆயிரக்கணக்கில் உண்மையாகவே வாயுவால் கொல்லப்பட்டார்கள். இத்தகைய இனமேம்பாட்டுச் சிந்தனையைத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1930லேயே கண்டித்திருந்தார். 1941 ஆகஸ்டில் மூன்ஸ்டர் ஆயர் வான் காலென் பீடத்தில் நின்று இக்கொலைகளை வெளிப்படையாக எதிர்த்தார். அதே 1941இல் காரெல் நாசிகளுக்குப் பணிந்த பிரெஞ்சு அரசின் ஆதரவில் ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். அவருடைய பெயரைத் தாங்கியிருந்த லியோன் மருத்துவக் கல்லூரி 1996இல் அந்தப் பெயரை நீக்கியது.

ஒரு குழந்தையின் நூல் போன்ற சிரையை அவ்வளவு கனிவோடு தைத்த கை, பலவீனர் சிலர் தேவையில்லை என்று எழுதியது எப்படி? திறமை வேறு, அன்பு வேறு. அறிவு வளர்வதால் மட்டும் இதயம் மென்மையாகிவிடாது. லூர்தில் படுக்கையில் கிடந்த மேரி பாய்லி மருத்துவக் கணக்குப்படி பயனற்றவர்தான். அவரைப் பார்த்து நெஞ்சுருகிய அதே மனிதர், அவரைப்போன்ற பிறரை எண்ணிக்கையாகப் பார்த்தார். நம் வீட்டிலும் நம் பங்கிலும் சக்கர நாற்காலியில் வருபவரை, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை, படுக்கையோடு கிடக்கும் பாட்டியை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

காரெலின் இறுதி நாள்கள் வேறு விதமாக அமைந்தன. பிரித்தானி பகுதியில் போக்கேன் துறவு மடத்தைப் புதுப்பித்த துறவி அலெக்சிஸ் பிரெஸ் அவருக்கு நண்பரானார். லூர்து அனுபவத்திற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1942இல், கடவுளையும் திரு அவையின் போதனையையும் தாம் ஏற்பதாகக் காரெல் அறிவித்தார். பிரான்சு விடுதலை பெற்றபின் அவர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. விசாரணை முடிவு காணுமுன், 1944ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பாரீசில் இதய நோயால் இறந்தார். அந்தத் துறவியின் கையால் இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்றார். லூர்துப் பயணத்தைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்தது அதன்பிறகே நூலாக வந்தது. அதில் தம் பெயரைத் திருப்பிப் போட்டு, லெராக் என்ற மருத்துவராகத் தம்மை மறைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய எழுத்தை நாம் நியாயப்படுத்த வேண்டாம். அவரைத் தீர்ப்பிடவும் வேண்டாம், தீர்ப்பு ஆண்டவருடையது. அவருடைய கையால் நாம் பெற்ற நன்மைக்கு நன்றி சொல்வோம். இதயத் தமனியின் அடைப்பை ஆஞ்சியோ காட்டிவிடும். அடுத்தவரின் உயிரை மதிக்காத உள்ளத்தின் அடைப்பை எந்தப் படமும் காட்டாது. அதை ஒப்புரவு அருளடையாளத்தில் நாமே ஆண்டவரிடம் காட்ட வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் நம் பங்கு நோயாளருக்காகவும், அவர்களைத் தொடும் மருத்துவரின் கைகளுக்காகவும் இன்று ஒரு நிமிடம் செபிப்போம். லூர்து அன்னையே, நோயாளரின் ஆரோக்கியமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.