டாக்டர் அடால்பு வைல்

மழைக்காலந்தோறும் எலிக்காய்ச்சல் என்னும் பெயர் நம் செவிக்கு எட்டுகின்றது. ஆயினும், அக்காய்ச்சலின் கொடிய வடிவத்துக்குத் தம் பெயரையே விட்டுச்சென்ற ஜெர்மானிய வைத்தியரின் சரித்திரத்தை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே.

அடால்பு வைல் 1848-ஆம் வருஷம் பிப்ரவரி 7-ஆம் தேதி ஹைடல்பர்க் நகரில் பிறந்தார். அந்நகரத்துச் சர்வகலாசாலையில் வைத்தியம் கற்றுத் தேறி, பெர்லினிலும் வியன்னாவிலும் மேற்பயிற்சி பெற்று மீண்டு, பெரும் புகழ் வாய்ந்த பிரீட்ரைக் என்பாரிடம் உதவி வைத்தியராய் அமர்ந்தார். நோயாளியின் மார்பையும் வயிற்றையும் விரலால் தட்டி, எழும் ஓசையினின்று உள்ளுறுப்புகளின் எல்லையை அறியும் முறையில் அவர் வல்லவர். 1877-இல் அதுபற்றிப் படங்களோடு கூடிய நூலொன்றும் வெளியிட்டார். எக்ஸ் கதிர் 1895-இல்தான் கண்டறியப்பட்டது. அதுவரை வைத்தியனுக்குத் தன் விரலும் செவியுமே துணை.

1886-ஆம் வருஷம் அவர் வாழ்வில் சிறந்தது. அவ்வாண்டில், தாம் கண்ட நோயாளர் நால்வரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். திடீரெனக் கடுஞ்சுரம், பின்னர்க் காமாலை, மண்ணீரல் வீக்கம், அத்துடன் சிறுநீரக அழற்சி. இவை தனித்தனி நோய்களல்ல, ஒரே தொற்றுநோயின் கூறுகளே என்பது அவர் துணிபு. இத்தகைய காமாலையை அவருக்கு முன்னரே நெப்போலியனுடைய சேனை வைத்தியராகிய லாரே எகிப்து தேசத்தில் கண்டிருந்தார். பாரிஸ் நகரத்துச் சாக்கடைத் தொழிலாளரிடம் லாந்தூசி என்பவரும் கண்டிருந்தார். ஆகவே முதலிற் கண்டவர் வைல் என்று கூறுதல் பொருந்தாது. காமாலையைக் கண்டதும் ஈரலோடு நின்றுவிடாமல், சிறுநீரகத்தையும் ஒருங்கே நோக்கியதே அவர் பெருமை என்பது எம் கருத்து.

அவர் நோக்கு எத்துணைச் சரியானது என்பதை இக்காலத்து அறிவு காட்டுகின்றது. இக்கிருமி சிறுநீரகத்தின் நுண்குழாய்களிற் குடிபுகுந்து, அவற்றைச் சூழ்ந்த திசுவையும் அழற்றுகிறது. மற்றச் சிறுநீரகச் செயலிழப்புகளில் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுவது வழக்கம். இதிலோ, தொடக்கத்தில் சிறுநீர் குறையாமலே பொட்டாசியம் வீணாய் வெளியேறி, இரத்தத்தில் அதன் அளவு குறைவதுண்டு. இரத்தத் தட்டணுக்கள் குறைந்து குருதி கசிவதும் உண்டு. மிக அரிதாகச் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைகட்டிகள் அடைத்து, அவற்றின் ஊடே செல்லும் செவ்வணுக்கள் சிதைந்து, சிறுநீரகமும் உடன் நின்றுவிடும். உரிய காலத்தில் பெனிசிலின் முதலிய மருந்தும், வேண்டுமிடத்து டயாலிஸிஸ் சிகிச்சையும் கிடைப்பின், நின்ற சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டும் இயங்கும்.

அதே 1886-இல் வைல், ருஷியச் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த டோர்பாட் நகரில் பேராசிரியரானார். உயர்பதவி கிட்டிய மறுவருஷமே குரல்வளையிற் க்ஷயரோகம் கண்டு, குரல் அறவே போயிற்று. பிறர் மார்பின் ஓசையைக் கேட்டு மாணாக்கருக்கு உரைத்தவருக்கு உரைக்கும் வாய் இல்லாமற் போயிற்று! பதவியைத் துறந்து, இத்தாலியக் கடற்கரையிலும் பின்னர் வீஸ்பாடன் நகரிலும் வாழ்ந்தார். அவர் குரல் இழந்த அந்த 1887-ஆம் வருஷத்திலேதான் கோல்ட்ஷ்மிட் என்பார் அந்நோய்க்கு வைல் நோய் எனப் பெயரிட்டார்.

கிருமியோ இன்னும் அகப்படவில்லை. அதைக் கண்டவர்கள் ஜப்பானில் கியூஷு தீவைச் சேர்ந்த இனாடா, இடோ என்னும் இருவர், ஆண்டு 1915. அவர்களுடைய நோயாளருட் பலர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். எலியின் சிறுநீர் கலந்த சுரங்கத் தேக்கநீரிலிருந்து, காலிலுள்ள சிறு சிராய்ப்பின் வழியாகவும் கிருமி உட்புகும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே இச்சரித்திரம் நெய்வேலியாருக்கு அயலானதன்று. அங்குள்ளவை திறந்தவெளிச் சுரங்கங்களே. எனினும் பழுப்பு நிலக்கரியின் அடியில் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால் அன்றி அங்கே வேலை நடவாது. சேற்றில் நிற்போர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிதல் வீண் ஆடம்பரமன்று. சுற்றுப்புறத்து நெல்வயல்களில் வெறுங்காலோடு நாற்று நடுவோருக்கோ அந்தக் காப்பும் இல்லை.

ஜெர்மனியிலும் அதே 1915-இல், பதுங்குகுழிப் போர்வீரரின் நோயிலிருந்து ஊலன்ஹூத், பிரோம்மே என்னும் இருவர் இக்கிருமியைத் தனியே கண்டறிந்தனர். மறுவருஷம், 1916 ஜூலை 23-ஆம் தேதி, வைல் வீஸ்பாடனில் தம் அறுபத்தெட்டாம் வயதில் இரத்தம் கக்கி இறந்தார்.