கல்லும் கலையும்

வளர்ச்சியைப் பாடமாகப் பயிலும் தோழர்களே! ஆனந்த குமாரசுவாமியின் வாழ்வை உங்கள் முன் வைக்கிறேன்.

1877-இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தார். இலண்டனில் நிலவியல் கற்று, இலங்கையின் கனிவளத்தை ஆராய வந்தார். ஊர் ஊராகச் சுற்றியபோது கண்டி நாட்டுக் கைவினைஞரின் நிலை அவர் நெஞ்சை வருத்தியது. மன்னர் தந்த மானிய நிலத்தால் வாழ்ந்த அக்குடியினர், 1815-இல் முடியாட்சி வீழ்ந்தபின் ஆதரவின்றி நலிந்திருந்தனர். கல்லை ஆராய வந்தவர் கலையை ஆராயலானார். 1908-இல் அதனைப் பெருநூலாக்கினார். 1917 முதல் அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, 1947-இல் மறைந்தார்.

பிழைக்கும் நிலம் போனால் கைத்திறனும் போகும் என்பதே அவர் வாழ்வில் நான் கற்ற பாடம். நாம் பயிலும் நெருளில் கோலி மீனவரின் வலைக்கும் இதுவே விதி. கடற்கழி அழிந்தபின் வலையை அருங்காட்சியகத்தில் வைத்து என்ன பயன்?